ஐரோலி: தீக்கு இருபது கிலோமீட்டர்

தானேயிலிருந்து வாஷிக்குப் போகும் மின்சார ரயிலில் கால் மணி நேரத்துக்குள் ஐரோலி வந்துவிடுகிறது. கிழக்கே பார்சிக் குன்றுகள். மேற்கே தானே கிரீக் எனப்படும் உப்பங்கழி. இரண்டுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் பட்டை நிலத்தில்தான் தண்டவாளம், தானே-பேலாப்பூர் சாலை, தொழிற்பேட்டை, கண்ணாடிக் கட்டடங்கள், சிட்கோ வகுத்த குடியிருப்புகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. காலையில் ரயிலை விட்டு இறங்கும் கூட்டத்தில் பெரும்பகுதி கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டபடி மைண்ட்ஸ்பேஸ் கணினி வளாகத்தை நோக்கி நடக்கிறது. எதிர்ப்பக்கம், கழிக்கரையை நோக்கித் திரும்புகிறவர்கள் ஊர்க்காரர்கள்.

அந்த ஊர்க்காரர்களில் தமிழர்களும் உண்டு. தாராவியின் 90 அடி சாலையிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூரிலும், மாட்டுங்காவின் ஒண்டிக் குடித்தனங்களிலும் பிறந்து வளர்ந்து, சொந்தமாக ஒரு வீடு என்ற கணக்கில் கழியைத் தாண்டி வந்த குடும்பங்கள். 1999-ல் முலுண்டையும் ஐரோலியையும் இணைக்கும் பாலம் திறந்தது. 2004-ல் தானே-வாஷி ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பு வந்தவர்கள் பஸ்ஸை நம்பி வந்த துணிச்சல்காரர்கள். இட்லி மாவும் முருங்கைக்காயும் கிடைக்காத காலத்தைப் பற்றிப் பேச இவர்களுக்கு நிறைய இருக்கிறது. விட்டுவந்த செம்பூரைப் பற்றிப் பேசும்போது பலருக்கும் முதலில் வாயில் வரும் சொல், அந்தப் பகுதிக்கு மும்பை வைத்த பட்டப்பெயர்: கேஸ் சேம்பர்.

2018 ஆகஸ்ட் 8, புதன்கிழமை. முதல் நாள் மாலை சென்னையில் மு. கருணாநிதி காலமாகியிருந்தார். மும்பையின் தமிழ் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி ராஜாஜி மண்டபத்தைக் காட்டிக்கொண்டிருந்த நேரம் அது. பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்பு, செம்பூரை அடுத்த மாஹுலில் பாரத் பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலையின் ஹைட்ரோகிராக்கர் பிரிவு வெடித்தது. கனமான எண்ணெயை, மிக அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி உடைத்து, டீசலாகவும் மற்ற எரிபொருள்களாகவும் மாற்றும் பகுதி அது. சூடும் அழுத்தமும் ஹைட்ரஜனும் ஒன்றுகூடும் இடம் என்பதால் ஆலையிலேயே அதிக எச்சரிக்கை தேவைப்படும் இடங்களில் ஒன்று. செம்பூரில் கட்டடங்கள் அதிர்ந்தன. பூகம்பம் என்று நினைத்துப் படியிறங்கி ஓடியவர்கள், தெருவுக்கு வந்து தெற்கே பார்த்தபோது கரும்புகை எழுந்துகொண்டிருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். உயிர்ச்சேதம் இல்லை.

ஐரோலிக்குச் செய்தியைக் கொண்டுவந்தது தொலைபேசி. மாஹுலுக்கும் ஐரோலிக்கும் பறவை பறக்கும் தூரம் சுமார் இருபது கிலோமீட்டர். அண்ணன் வீடு செம்பூரில், மாமியார் வீடு சேடா நகரில், நண்பன் வேலை டிராம்பேயில் என்று உறவு முழுவதையும் அக்கரையில் வைத்திருப்பவர்களுக்கு அந்த இருபது கிலோமீட்டர் நிம்மதியும் தரும், குற்ற உணர்வும் தரும். இப்படிப்பட்ட நேரங்களில் கேட்கப்படும் முதல் கேள்வி ‘என்ன ஆச்சு’ என்பதல்ல. ‘எந்தப் பக்கம்’ என்பதுதான். இரண்டாவது கேள்வி, ‘காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது’. உயிர்ச்சேதம் இல்லை என்று தெரிந்ததும் தொலைக்காட்சி மறுபடி மெரினாவுக்குத் திரும்பியது. அன்று அது இயல்பும்தான்.

ஆனால், இதே மாஹுலில் உயிர்ச்சேதம் நடந்திருக்கிறது. 1988 நவம்பர் 9-ம் தேதி இதே பாரத் பெட்ரோலியம் ஆலையில் பிடித்த தீயில் இறந்தவர்களின் எண்ணிக்கையை உலகத் தொழில் விபத்துப் பட்டியல்கள் 35 என்று பதிவு செய்திருக்கின்றன. அன்று ஐப்பசி அமாவாசை. தமிழர்கள் முதல் நாளே தீபாவளி கொண்டாடி முடித்திருந்தார்கள். மராட்டியர்களுக்கும் குஜராத்திகளுக்கும் அன்றுதான் லட்சுமி பூஜை. போபாலில் விஷவாயு கசிந்து நான்கு ஆண்டுகள்கூட முடியவில்லை. அப்படியிருந்தும் மும்பையின் நினைவில் அந்த 35 பேருக்கு இடம் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்ததை நகரம் மறக்கவில்லை. அன்று இறந்த தீயணைப்பு வீரர்களுக்காக அந்த நாள் நாடு முழுவதும் தீயணைப்புப் படை தினமாக ஆண்டுதோறும் அனுசரிக்கப்படுகிறது. சுத்திகரிப்பு ஆலையில் இறந்தவர்களுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. ஆலைச் சுவருக்குள் நடப்பது ஆலையின் சொந்த விஷயம் என்ற எண்ணம் ஊருக்குள் ஊறிப்போயிருக்கிறது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க செம்பூரின் கதைக்குக் கொஞ்சம் போக வேண்டும். 1954-லும் 1955-லும் அடுத்தடுத்து இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள் மாஹுலில் எழுந்தன. ஒன்று அமெரிக்க நிறுவனத்தினுடையது. பின்னாளில் எஸ்ஸோ என்று அறியப்பட்டு, 1974-ல் அரசுடைமையாகி ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆயிற்று. மற்றொன்று பர்மா ஷெல். 1976-ல் அரசு எடுத்துக்கொண்டு பாரத் பெட்ரோலியம் ஆயிற்று. அதே வட்டாரத்தில் டாட்டாவின் அனல் மின் நிலையம், அணு ஆராய்ச்சி மையம், உரத் தொழிற்சாலை, யூனியன் கார்பைடின் ரசாயன ஆலை எல்லாம் வந்து சேர்ந்தன. நாடு தொழில்மயமாவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அறுபதுகளில் டிராம்பேக்கு வந்தால் போதும்.

அந்தத் தொழில்மயத்தில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் தெரிந்த தஞ்சாவூர், பாலக்காட்டுப் பையன்களுக்கு இடம் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்குத் தோல் பதனிட வந்தவர்களின் பிள்ளைகளுக்கும், அலுவலக மேசையில் இல்லாவிட்டாலும் லாரியிலும் கேன்டீனிலும் ஒப்பந்தக் கூலியிலும் இடம் இருந்தது. நிரந்தர வேலைக்காரர்கள் செம்பூரில் வீடு பார்த்தார்கள். சங்கீத சபா வந்தது. குன்றின் மேல் 108 படிகளுடன் திருச்செம்பூர் முருகன் கோயில் வந்தது. சோறு போடும் ஆலை அது. அதன் புகையைப் பற்றி முணுமுணுக்கலாம், கூட்டம் போட்டுப் பேச முடியாது. பர்மா ஷெல் வேலை என்றால் பெண் கொடுப்பதற்கு ஜாதகம்கூடச் சரியாகப் பார்க்கமாட்டார்கள் என்பது பழைய செம்பூர் வேடிக்கைப் பேச்சு.

பிறகு ஓய்வு பெற்ற பணமும் பிள்ளைகளின் சம்பளமும் சேர்ந்தபோது குடும்பங்கள் நகர்ந்தன. சிட்கோ 1970-ல் அமைக்கப்பட்டது. கழிக்கு அப்பால் புது நகரம் கட்டுவது அதன் வேலை. அந்த நகரத்தின் வடகோடி ஐரோலி. நல்ல காற்று, அகலமான தெரு, செம்பூர் விலையில் ஒரு பகுதிக்கு வீடு. விளம்பரம் பொய்யில்லை. ஆனால், அது சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. புது நகரத்துக்கு முன்பே அங்கே தானே-பேலாப்பூர் ரசாயனப் பட்டை வந்துவிட்டது. நாப்தாவை உடைத்துப் பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருள் தயாரித்த நோசில் அறுபதுகளின் இறுதியிலேயே அங்கே இயங்கத் தொடங்கியிருந்தது. சாயம், மருந்து, பூச்சிமருந்து, கரைப்பான் என்று சிறிதும் பெரிதுமாக ஆலைகள் வரிசை பிடித்து நின்றன. புகைக்கு அஞ்சிக் கழியைத் தாண்டியவர்கள் இன்னொரு புகையின் பக்கத்தில் வந்து பெட்டியை இறக்கினார்கள். தொண்ணூறுகளில் இரவு ரயில் இல்லாத அந்தச் சாலையில் பஸ்ஸில் வந்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டே எந்த நிறுத்தம் வந்துவிட்டது என்று மூக்கால் சொல்லியிருக்கலாம்.

இன்று ஐரோலியின் காற்று முன்பைவிடத் தேவலாம் என்றால் அதற்கு முதல் காரணம் சட்டத்தின் கண்டிப்பு அல்ல. பல பழைய ஆலைகள் மூடப்பட்டன அல்லது வேறிடம் போயின. நிலத்தின் விலை ஏறியபோது ரசாயனத்தைவிடக் கண்ணாடிக் கட்டடம் லாபமாக இருந்தது. ஆபத்து ஒழிந்துவிடவில்லை, ஊர் மாறியிருக்கிறது. குன்றுக்கு அந்தப் பக்கம், தமிழர்கள் நிறைய வசிக்கும் டோம்பிவிலியில் 2016 மே 26-லும் 2024 மே 23-லும் ரசாயன ஆலைகள் வெடித்தன. ஒவ்வொரு முறையும் பத்துப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை அல்ல என்றாலும், அந்த நாட்களிலும் ஐரோலியில் கேட்கப்பட்டிருக்கக்கூடியது அதே கேள்விதான்: எந்தப் பக்கம்?

2019 செப்டம்பரில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போனது. அந்த மாதம் 3-ம் தேதி, பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் காலை, நவி மும்பைக்குத் தெற்கே உரனில் ஓ.என்.ஜி.சி.யின் எரிவாயு பதப்படுத்தும் ஆலையில் தீப்பிடித்தது. மழைநீர் வடிகாலில் நாப்தா கலந்து ஓடியிருந்தது. நாப்தாவின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளம் தேடி, ஒரு பொறி கிடைக்கும் வரை காத்திருக்கும். நான்கு பேர் இறந்தனர். அவர்களில் மூவர் தீயை அணைக்கப் போன மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் தீயணைப்புப் பிரிவினர்.

பதினாறு நாள் கழித்து, 19-ம் தேதி இரவு, மும்பையின் கிழக்குப் புறநகர்கள் முழுவதும் எரிவாயு நாற்றம். செம்பூர், மான்குர்டு, காட்கோபர், பொவாய் என்று புகார்கள் குவிந்தன. உரன் செய்தி இன்னும் ஆறாத நேரம். சிலர் அடுப்பை அணைத்தார்கள், சிலர் ஜன்னலை மூடினார்கள், சிலர் திறந்தார்கள். ஜன்னலை மூட வேண்டுமா திறக்க வேண்டுமா என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. தீயணைப்பு வண்டிகள் சுற்றின. குழாய் எரிவாயு நிறுவனம் தன் குழாயில் கசிவில்லை என்றது. உரத் தொழிற்சாலை தன்னிடமிருந்து இல்லை என்றது. அன்றிரவு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. காலையில் நாற்றம் போய்விட்டது. எல்லோரும் வேலைக்குப் போனார்கள்.

இதைத்தான் ‘மும்பையின் மனவுறுதி’ என்று புகழ்வது வழக்கம். வேறு வழியில்லாததற்குப் பெயர் மனவுறுதி என்றால், சரி. 1997 செப்டம்பர் 14-ல் விசாகப்பட்டினத்தில் நடந்தது வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலையில் சமையல் எரிவாயு கசிந்து மேகமாகப் பரவி வெடித்தது. அறுபது பேர் அளவில் மடிந்தார்கள். அடுத்த தொட்டி வெடிக்கும் என்ற வதந்தி பரவ, பல்லாயிரக்கணக்கானோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நகரத்தை விட்டு ஓடினார்கள். கோழைத்தனம் என்று அதைச் சொல்ல முடியாது. எது வெடிக்கும், எவ்வளவு தூரம் போனால் போதும் என்று யாரும் அவர்களுக்கு முன்னதாகச் சொல்லியிருக்கவில்லை. மணலியையும் எண்ணூரையும் அறிந்த சென்னைக்காரருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. போபாலுக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1989-ல் வந்த அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய விதிகள், பெருவிபத்து நேரக்கூடிய ஆலையை நடத்துபவர், சுவருக்கு வெளியே பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும், விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதையும் செய்யக்கூடாததையும் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. வெளிப்புற அவசரகாலத் திட்டம் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை பார்க்கப்பட வேண்டும். 1991-ல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும் வந்தது. தொழிலாளி அல்லாத வெளியாள் ஒருவர் இப்படியான விபத்தில் இறந்தால், யார் தவறு என்று வாதாடாமலேயே உடனடி நிவாரணம் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல சட்டம். சட்டம் வந்தபோது அதில் எழுதப்பட்டிருந்த தொகை 25,000 ரூபாய்.

2019 செப்டம்பர் 19 இரவில் ஜன்னலை மூடுவதா திறப்பதா என்று திகைத்து நின்றவர்கள் இந்த விதிகளுக்கு அப்போது கிட்டத்தட்ட முப்பது வயது ஆகிவிட்டதை அறிந்திருக்க நியாயமில்லை.

தள்ளிப் போக முடிந்தவர்கள் ஐரோலிக்கு வந்தார்கள். முடியாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கும் மாஹுலிலேயே சாட்சி இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்திலேயே 72 கட்டடங்களில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன வீடுகள். மும்பைக்குக் குடிநீர் கொண்டுவரும் தான்சா குழாய்களின் ஓரம் குடிசை போட்டிருந்தவர்களை, நீதிமன்ற ஆணைப்படி அப்புறப்படுத்தியபோது, 2017 முதல் பெருமளவில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். மாஹுல், அம்பாபாடா பகுதிகளில் வசிப்பவர்களின் உடல்நலத்துக்குக் காற்றால் ஆபத்து இருக்கிறது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது. சொன்ன பிறகும் கொண்டுவந்து விட்டார்கள். ஏற்கனவே இருக்கிறவர்களுக்கு ஆகாத காற்று, புதிதாக வருகிறவர்களுக்கு ஆகும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

மாஹுல் கோலி மீனவர்கள் ஆலை வருவதற்கு முன்பிருந்தே இருப்பவர்கள். தான்சா குழாய் மக்கள் வேறு. அவர்கள் பிள்ளைகளின் இருமலையும் தோல் அரிப்பையும் எண்ணத் தொடங்கினார்கள். 2018 ஆகஸ்டில் பாரத் பெட்ரோலியம் வெடித்தபோது, அதைச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களும் அவர்களே. அந்த அக்டோபர் இறுதியில் பலர் மாஹுல் வீட்டை விட்டு வந்து, வித்யாவிஹாரில் பழைய குடியிருப்புக்குப் பக்கத்து நடைபாதையில் உட்கார்ந்தார்கள். கூரையும் கழிப்பறையும் உள்ள வீட்டை விட்டு ஒரு குடும்பம் நடைபாதைக்கு வருகிறது என்றால் அந்த வீட்டைப் பற்றி வேறு அறிக்கை தேவையில்லை. 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் மாற்று இடம் கொடு, இல்லையேல் மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடு என்று அரசுக்குச் சொன்னது. 2020 ஆகஸ்டில் பசுமைத் தீர்ப்பாயம் இரண்டு சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் இரண்டு சேமிப்புக் கிடங்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து சுமார் 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. மாசுக்கு விலை போட முடிந்தது.

மாஹுலிலும் ஐரோலியிலும் ஒரே கழியின் தண்ணீர். குளிர்காலத்தில் இரண்டு இடத்திலும் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. கழியின் ஒரு பகுதி 2015-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-ல் ராம்சார் தலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. ஐரோலியில் வனத்துறையின் கடலோரப் பல்லுயிர் மையத்திலிருந்து படகில் போய்ப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் குடும்பங்கள் புளிசாதப் பொட்டலத்துடன் வந்து வரிசையில் நிற்பது உண்டு. இளஞ்சிவப்புப் பறவைகளைப் பார்க்க ஐரோலிக்கு வருகிற வெளியூர்க்காரர்களில் எத்தனை பேருக்கு, சில தெருக்கள் தள்ளி இருக்கும் இன்னொரு கட்டடத்தைப் பற்றித் தெரியும் என்பது சந்தேகம்.

செக்டர் 13-ல் உள்ள அந்தக் கட்டடத்தின் பெயர் நேஷனல் பர்ன்ஸ் சென்டர். தீக்காயத்துக்கு மட்டுமேயான தனி மருத்துவமனை. இந்தியாவில் அப்படிப்பட்டவை மிகக் குறைவு. பெரிய ஆஸ்பத்திரிகளில் தீக்காயப் பிரிவு என்பது பெரும்பாலும் தாழ்வாரத்தின் கடைசியில், மற்றவர்கள் முகம் சுளித்துக் கடந்துபோகும் ஒரு வார்டு. இங்கே அதுவே முழு மருத்துவமனை. சமையலறையில் சேலை பற்றியவர்கள், வெடியில் கையைச் சுட்டுக்கொண்ட குழந்தைகள், கொதிகலன் வெடித்தோ ரசாயனம் தெறித்தோ வெந்த தொழிலாளர்கள் எல்லோரும் இந்த ஊருக்கு ஆம்புலன்ஸில் வருகிறார்கள். தீயிலிருந்து தள்ளி வந்த ஊருக்குத் தீ இப்படித்தான் வந்து சேர்கிறது.

தொழிற்சாலைத் தீயில் யார் வேகிறார்கள் என்பதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் 2005 மார்ச் 23-ல் பி.பி. நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வெடித்தபோது இறந்த 15 பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆபத்தான பிரிவுக்கு அருகில் அவர்களுக்காகப் போட்டிருந்த தற்காலிக அறைகளுக்குள்ளும் பக்கத்திலும் இருந்தவர்கள். அமெரிக்காவிலேயே அப்படி என்றால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தி மறுபடி தொடங்கும் நாட்களில்தான் ஆபத்து அதிகம். அந்த நாட்களில்தான் வெளியாட்களும் அதிகம். பெயர்ப் பதிவேடு ஒப்பந்தக்காரரின் கையில். யார் உள்ளே இருந்தார் என்பதே முதல் சில மணி நேரம் தெரியாது.

உடம்பு எவ்வளவு வெந்தது என்பதை மருத்துவர்கள் கையால் அளக்கிறார்கள். நோயாளியின் சொந்த உள்ளங்கை, விரல்கள் சேர்த்து, அவர் உடற்பரப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். தோல் போய்விட்டால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, சூட்டையும் பிடித்து வைக்க முடியாது. முதல் ஒன்றிரண்டு நாள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவதுதான் போராட்டம். அதைத் தாண்டினால் கிருமித் தொற்று. புண்ணை எதனாலாவது மூட வேண்டும். குறைவாக வெந்தவருக்கு அவருடைய தொடையிலிருந்தே தோல் எடுத்து ஒட்டலாம். பாதி உடம்பு வெந்தவருக்கு எடுப்பதற்கே இடம் இருக்காது. அப்போது தேவைப்படுவது இறந்த இன்னொருவரின் தோல். அது நிரந்தரமாக ஒட்டாது. இரண்டு மூன்று வாரம் புண்ணை மூடி, வலியையும் நீர் இழப்பையும் தொற்றையும் குறைத்து, நோயாளியின் சொந்தத் தோல் தயாராகும் வரை காலம் வாங்கித் தரும்.

இதற்காகத்தான் தோல் வங்கி. தாராவியை ஒட்டிய சயான் மருத்துவமனையில் 2000-ல் ஒன்று தொடங்கப்பட்டது. ஐரோலி மருத்துவமனையிலும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் கோவை கங்கா மருத்துவமனையில் உண்டு. ரத்தம்போல வகை பார்த்துப் பொருத்த வேண்டியதில்லை. பதினெட்டு வயது முடிந்த யாரும், எந்த வயதிலும் கொடுக்கலாம். எடுப்பது தோலின் முழுக் கனத்தையும் அல்ல, மேலே உள்ள மெல்லிய படலத்தை. கால்களிலிருந்தும் முதுகிலிருந்தும் எடுத்துக் கட்டுப் போட்டுவிடுவார்கள். முக்கால் மணி நேர வேலை. ரத்தம் பெருகாது, முகம் மாறாது, உடலைக் குளிப்பாட்டிக் கோடி உடுத்தி எடுத்துப் போகத் தடை எதுவுமில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். குழுவே வீட்டுக்கு வரும். எடுத்த தோலை கிளிசராலில் பதப்படுத்தி, குளிர்பெட்டியில் ஐந்து ஆண்டு வரை வைத்திருக்கலாம்.

கண் தானம் என்றால் மும்பைத் தமிழருக்குத் தெரியும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இறந்தவர் வீட்டில் கண் வங்கிக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்கிற பெரியவர் ஒருவராவது இருப்பார். தோல் என்றால் தயக்கம். தோலை உரிப்பது என்ற சொல்லே தமிழில் தண்டனையின் சொல். தாராவியில் தோல் என்றால் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், பதனிடும் தொழில், அதை வைத்து ஊர் சொன்ன சாதி. இந்தச் சொல்லைத் தாண்டி அந்தப் படலத்தைப் பார்ப்பதற்குக் கொஞ்சம் பழக வேண்டியிருக்கிறது. ஒரு பெரும் விபத்து நடந்த நாளில் ரத்தம் கொடுக்கக் கூட்டம் திரண்டுவிடும், அந்த விஷயத்தில் மும்பை தாராளமானது. தோலுக்கு அப்படித் திரள முடியாது. உயிரோடு இருப்பவர் வரிசையில் வந்து நின்று தரக்கூடிய பொருள் அல்ல அது. விபத்துக்கு முன்பே யாரோ இறந்து, யாரோ சம்மதித்து, குளிர்பெட்டியில் இருந்தால்தான் உண்டு. பெருமளவு வெந்த ஒருவருக்கே இரண்டு மூன்று பேரின் தோல் தேவைப்படலாம். முப்பத்தைந்து பேர் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நேரமும் குறைவு. உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். மும்பையில் தமிழர் வீட்டில் ஒரு சாவு என்றால் முதலில் ஊருக்குப் போன் போகும். திருநெல்வேலியிலிருந்து அண்ணன் கிளம்ப வேண்டும், கும்பகோணத்திலிருந்து அத்தை கிளம்ப வேண்டும், அவர்கள் வந்து முகம் பார்க்கும் வரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார்கள். பெரியவர்கள் வந்து சேர்ந்தபிறகுதான் எந்த முடிவும். நெல்லையில் ஏறிய ரயில் ஆறு மணி நேரத்தில் தமிழ்நாட்டைக்கூடத் தாண்டியிருக்காது. வங்கிக்குப் போன் செய்ய வேண்டியவர், ஐரோலியில் அந்த இரண்டு அறை வீட்டில் அப்போது இருக்கும் மகனோ மருமகளோதான். ஊரில் யாரையும் கேட்காமல்.